ஆட்டு மூக்குப் புழுவும் எங்கள் கடைப் பெயரும்

பேகம்பூர், திண்டுக்கல்.
ஞாயிற்றுக்கிழமை, மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் நர்கீசுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் காய்ச்சல் சளி இல்லாமல் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், கோபத்தில் எனக்கு வருகிற தலைவலியை நோய்க் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீயும் அந்தக் கோபன்ஹேகனில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று துஆச் செய்கிறேன். அங்கே இப்போது வெயில்காலம் என்றாய், ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே சொன்னாய், அதனால் காதை மூடிக்கொண்டு வெளியே போ. துஆ முடிந்தது, இனிமேல் திட்டு. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் என் கோபம் அடங்கிவிடும், இந்தத் தடவை அது அடங்கக்கூடாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். தப்ரேஸ் பயலைவிட்டு இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பலாம் என்றால் அவன் இதையும் ஸ்டேட்டஸில் போட்டுத் தொலைப்பான். அதனால் கொரியரில் வருகிறது, கூடவே இஞ்சி ஊறுகாயும் கறிமசாலாப் பொடியும் வைத்திருக்கிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு ஊறுகாயைத் திற.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ உன் அத்தாவுக்குப் போன் செய்தபோது நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து பார்த்தால் மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நர்கீசு எல்லாத்தையும் சரி பண்ணிட்டா ஜெய்தூனு, கட்டுரையிலருந்து நம்ம பேரையும் கடைப் பேரையும் எடுக்கச் சொல்லிட்டாளாம், புட்டிக்குள்ள கெடக்குற சீட்டுலயும் வெறும் தென்னிந்தியான்னு மாத்திருவாளாம், அவுக பெரிய மேடம் லீவு முடிஞ்சு வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம் என்றார். நீங்க என்ன சொன்னீக என்று கேட்டேன். சரிம்மான்னு சொன்னேன் என்றார். என் கையிலிருந்த க்ளிப் கூடை எங்கே போய் விழுந்தது என்று தெரியாது, இன்றைக்குக் காலையில்கூட வாளிக்கு அடியிலிருந்து இரண்டு க்ளிப் கிடைத்தது. அடியே, யாரைக் கேட்டு எடுக்கச் சொன்னாய்? அந்தச் சீட்டில் சேகரித்தவர் என்ற இடத்தில் இருப்பது உன் அத்தா பெயரா, உன் பெயரா? ஜெய்தூன் பீவி என்று என் பெயர் இருக்கிறது. கட்டுரையில் போடும்போதும் என்னைக் கேட்கவில்லை, எடுக்கும்போதும் என்னைக் கேட்கவில்லை. சொந்த மகள் என்பதால் அம்மாவின் பெயரை ஆணியில் சட்டை மாட்டுவதுபோல மாட்டலாம், கழற்றலாம் என்று நினைத்துவிட்டாயா?

இந்தப் புழுவை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்பதை நீ மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். நம் கடையில் ஆட்டுத் தலையைப் பிளந்தால் மூக்கெலும்புக்குள் புழு இருப்பது நமக்குப் புதிது இல்லை, கறிக்கடை வீட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். அது கறியில் இருக்கிற புழு இல்லை. ஆடு உயிரோடு மேயும்போதே ஒரு ஈ பறந்து வந்து மூக்கில் குஞ்சு விட்டுவிட்டுப் போகிறது, அது உள்ளே ஏறி வளர்கிறது, ஆடு தும்மித் தும்மி மண்ணில் மூக்கைத் தேய்க்கிறது, இவ்வளவும் நீ சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். உன் அத்தா தலையை நெருப்பில் வாட்டிச் சுரண்டிப் பிளந்து கொடுப்பார், நான் குழாயடியில் உட்கார்ந்து மூக்குச் சவ்வோடு சேர்த்து அதை வழித்து எறிந்துவிட்டு மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவுவேன், அதோடு முடிந்தது. எறிந்துகொண்டிருந்த அதை எறியாதே என்று சொன்னவள் நீ. ஒரு துணைக்குடும்பத்து ஈக்களை உடலமைப்பைப் பார்த்து வகை பிரிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு நீ டென்மார்க்குக் கிளம்பினாய். குடும்பத்தைப் பிரிக்க அவ்வளவு தூரம் எதற்கு, நம் தெருவே போதுமே என்று நான் சொன்னதற்குச் சிரித்தாய். அடுத்த லீவில் வரும்போது புட்டியும் ஸ்பிரிட்டும், புருவம் எடுப்பதுபோல ஒரு சின்ன இடுக்கியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். அன்றைக்குப் பிடித்த வேலை இது.

இரண்டு பக்ரீத் வரைக்கும் நான் செய்தேனே, ஒரு நாளாவது அலுத்துக்கொண்டேனா? சின்னதாகத் தவிட்டுத் துகள் மாதிரி வெள்ளையாக இருப்பது ஒரு புட்டி, கொஞ்சம் வளர்ந்தது ஒரு புட்டி, முதுகில் குறுக்கே பழுப்புப் பட்டை விழுந்து முற்றியது ஒரு புட்டி. அடிவயிற்றில் முள்வரிசை இருக்கும், அதை உன்னுடைய லென்ஸில் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்பக்கத்தில் இருக்கும் இரண்டு கறுப்புத் தட்டைக் கண் என்று நான் நினைத்தேன், அதும்மா மூச்சு விடுறது, அதோட உருவத்தைப் பார்த்துத்தான் வகையே பிரிப்போம் என்று நீ சொன்னாய். பிறகு அதுவும் போதாது, எந்தப் புழுவிலிருந்து எந்த ஈ வந்தது என்று தோலும் ஈயும் ஜோடியாக வேண்டும் என்றாய். அதற்குச் சில தலைகளை வாட்டாமலே பிளக்கச் சொல்லி, முற்றிய புழுக்களை உயிரோடு எடுத்துப் பாமாயில் டின்னில் மணல் போட்டு மூடி, மேலே கொசுவலைத் துணி கட்டி, என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். மாதக்கணக்கில் உன் அத்தா அந்தக் கட்டிலின் அந்தப் பக்கம் காலை நீட்டவில்லை. கடைசியில் ஈ வந்தபோது, பாவம் பிறந்த உயிர் என்று ஒரு மூடியில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். அதை நான் போனில் சொன்னதும் நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மா, அதுக்கு வாயே இல்லம்மா, திங்கிறதையெல்லாம் புழுவா இருக்கும்போதே தின்னு முடிச்சிருச்சு, அதுதான் இந்தத் துணைக்குடும்பத்துக்கே அடையாளம் என்றாய். தலையில் ஊசியால் குத்தினதுபோலக் குழி குழியாக இருக்கும் அந்தச் சாம்பல் ஈயை நான் செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட வழி இல்லாமல் ஒரு உயிரை அல்லாஹ் எதற்குப் படைத்தான் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அதன் இறக்கையில் ஒரு நரம்பு வளைந்து போய் இன்னொன்றோடு சேர்கிறதா, சேராமல் ஓரத்துக்குப் போகிறதா என்று பார்க்கச் சொன்னாய், என் கண்ணுக்கு அது பிடிபடவே இல்லை, அதை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

இதை எல்லாம் செய்ததற்கு நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீதான் ஒன்று கேட்டாய். ஒவ்வொரு புட்டிக்குள்ளும் ஒரு சீட்டு போடவேண்டும், பென்சிலால்தான் எழுதவேண்டும், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும் என்றாய். எங்க புடிச்சது, யாரு புடிச்சது, எந்த ஆட்டுல புடிச்சது, இந்த மூணும் இல்லைன்னா அது வெறும் செத்த புழும்மா, குப்பையில போட வேண்டியதுதான் என்று சொன்னதும் நீதான். எனக்கு அது சட்டென்று புரிந்தது. ஏன் புரிந்தது என்று உனக்கே தெரியும். பக்ரீத் அன்று தெருவில் குர்பானிக்கு அறுத்த ஆட்டுத் தலையெல்லாம் வாட்டுவதற்கு நம் கடைக்குத்தானே வருகிறது. யாருடைய தலை எது என்று மாறிப்போகாமல் இருக்கத் தகரத் துண்டில் ஆணியால் பெயர் கீறிக் கம்பியில் கோத்துக் கொம்பில் கட்டுவது என் வேலை. கொம்பு இல்லாததற்குக் காதில். துணியில் எழுதிக் கட்டினால் வாட்டும்போது எரிந்துவிடும். பெயர் இல்லாத தலையை ஒருவரும் தொடமாட்டார்கள், அது யாருடைய குர்பானியோ என்று ஒதுங்கிப்போவார்கள். அதனால்தான் நீ சீட்டு என்றதும் நான் மறுபேச்சுப் பேசாமல் எழுதினேன். அப்போது சொன்னது ஒரு பேச்சு, நேற்று சொன்னது ஒரு பேச்சா? தென்னிந்தியா என்றால் எது? ஊட்டியா, கொச்சியா, ஹைதராபாத்தா? அங்கெல்லாம் போயா நான் தலை கழுவினேன்?

சரி, முதலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அதற்கும் உனக்குத் திட்டு பாக்கி இருக்கிறது. உன் கட்டுரை வந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். உன் அத்தா தங்கை மகன் என்று கண்ணில் வைத்து வளர்த்தோமே அந்தத் தப்ரேஸ், அவன்தான் போனில் திறந்து படித்துச் சொன்னான். திண்டுக்கல் புழுக்களின் முள்வரிசை பழைய நூலில் வரைந்திருக்கிறதுபோல் இல்லாததால் வகை பிரிக்கும் வழிமுறையில் ஒரு படியை நீ புதிதாக எழுதியிருக்கிறாயாம். கடைசியில் நன்றி என்று போட்டு, சௌகத் அலி தலைக்கறி பாயா கடை, பேகம்பூர் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் இருந்தது. பயல் அதோடு விட்டானா? எங்க நர்கீசு அக்கா வெளிநாட்டுல புழு ஆராய்ச்சி, எங்க மாமா கடை ஆட்டுத் தலையில எடுத்ததுன்னு ஒன்றை எழுதி, அந்தப் புழுவை முழங்கை நீளத்துக்குப் பெரிதாகப் போட்டிருக்கும் உன் கட்டுரைப் படத்தையும் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். பெருமையில்தான் வைத்தான், அது எனக்குத் தெரியும், அதற்காக அவனை நான் அடிக்காமல் விடவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்வதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் உன் பெயரையும் ஆராய்ச்சியையும் வெட்டி எறிந்துவிட்டுப் புழுவையும் கடைப் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டான். மறுநாள் திண்டுக்கல் முழுக்க நம் கடைத் தலையில் புழு என்றுதான் பேச்சு.

நீ படித்தவள், லென்ஸ் வைத்து முள்ளை எண்ணுகிறவள். ஒரு புழுவின் படமும் ஒரு சாப்பாட்டுக் கடையின் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஊர் அதை எப்படிப் படிக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா? உன் பெரிய மேடத்துக்குத் திண்டுக்கல் தெரியாது, உனக்குமா தெரியாது? சாயங்காலம் பாயாவுக்குத் தூக்குவாளியோடு நிற்கிற கூட்டம் அப்படியே காணாமல் போனது. நான் வைத்த பாயாவை நாங்களே குடித்தோம், மீதியைக் கொட்டினேன். ஒரு அதிகாரி வந்து அடுப்படி, குழாயடி, கத்தி எல்லாம் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். உன் அத்தா அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினார். அதை ஒருவனும் ஸ்டேட்டஸில் போடவில்லை. உன் தங்கை ஷாஹினாவின் மாமியார் மதுரையிலிருந்து போன் செய்து, ஒங்க கடை ஏதோ பேப்பர்ல வந்துருச்சாமே என்று இழுத்தார். அவள் பாவம், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். நல்லவேளை மாப்பிள்ளை போனை வாங்கிப் பேச்சை மாற்றினார்.

ஆத்தூர் கருப்புசாமி அண்ணனை உனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தலை வாங்க வருவாரே, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொய்யாப்பழம் கொண்டுவந்து தருவாரே. அவரே நம் கடையைத் தாண்டிப் போய் வேறு கடையில் வாங்கிக்கொண்டு போனார். நான் தெருவில் இறங்கி அவருடைய டிவிஎஸ் வண்டியை மறித்தேன். என்னண்ணே, இம்புட்டு வருசம் தின்னீகளே, ஒங்க வயித்துல புழு நெளிஞ்சுச்சா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி, வீட்டுக்காரி அந்தப் படத்தப் பாத்துட்டு வேணாங்குறா என்றார். அவர் வீட்டில் ஆடு இல்லையா? அது தும்முவதை அவர் பார்த்தது இல்லையா? எனக்கு அழுகை வந்தது, அழக்கூடாது என்று திட்டினேன். உன் அத்தா உள்ளேயிருந்து வந்து, விடு ஜெய்தூனு, நம்ம வாடிக்கையாளரு என்றார். வாடிக்கையாளராம். உன் அத்தாவும் அந்த ஈ சாதிதான், ஊர் பேசும்போது திறக்க அவருக்கு வாயே கிடையாது.

இந்த நிலைமையில் பக்ரீத் வந்தது. தலை வாட்டுகிற வேலை வருமா வராதா என்று உன் அத்தா விறகை அடுக்கிவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் தகரத் துண்டுகளை வெட்டிக்கொண்டே இருந்தேன். வந்தார்கள், வேறு எங்கே போவார்கள், வீட்டில் வாட்டினால் புகை, நாற்றம். எப்போதும் வருகிற கூட்டத்தில் பாதிகூட இல்லை, ஆனாலும் வந்தார்கள். நான் அத்தாவிடம் சொல்லிவிட்டேன், இந்த வருசம் பின்னாடி கொண்டுபோயிப் பொளக்கக் கூடாது, கட்டையை வாசலுக்கு இழுத்துப் போடுங்க, ஒவ்வொரு தலையையும் சொந்தக்காரவுக கண்ணு முன்னாடியே பொளங்க என்று. அவர் ரொம்பத் தயங்கினார். பொளக்கலைன்னா நான் பொளப்பேன் என்று கத்தியைக் கையில் எடுத்ததும்தான் இழுத்துப் போட்டார்.

எதிர்வீட்டு அஜீஸுன்னிசா மாமி இருக்கிறாரே, இந்தப் பேச்சைத் தெருவில் அதிகம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான், அது எனக்குத் தெரிந்தும் ஈத் முபாரக் சொல்லித்தான் தலையை வாங்கினேன். ரமலானுக்கு முன்னாலிருந்து மாமியே கொட்டகையில் கட்டிப்போட்டுத் தழை போட்டு, பேரப்பிள்ளைகள் கொஞ்சிக் கொஞ்சி வளர்த்த கிடா. கொம்பில் அஜீஸுன்னிசா என்று நான் கீறிக் கட்டிய தகரம். வாட்டி முடித்துப் பிளந்தபோது உள்ளே முற்றின புழுக்கள் பழுப்புப் பட்டையோடு இருந்தன, சூட்டில் செத்துச் சுருண்டிருந்தன. மாமி முகத்தைப் பார்க்கவேண்டுமே. என் கடைத் தலை இல்லை, சந்தையில் வாங்கினது இல்லை, அவர் மடியில் வளர்ந்தது. அடுத்த தலை, அதற்கு அடுத்த தலை, பல தலையில் இருந்தது, சிலதில் இல்லை. புழு இருந்த தலைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் சத்தமாகச் சொன்னேன், இது ஆட்டு மூக்குல வாழுற புழு, கறியில இல்ல, என் கையால கழுவித்தான் இம்புட்டு வருசமும் ஒங்க வீட்டுக்கு வந்துச்சு, இப்பவும் கழுவித்தான் தாரேன் என்று. வழக்கம்போலக் கழுவி, பெயரைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். மாமி தலையை வாங்கிக்கொண்டு என் காதருகே வந்து, ஜெய்தூனு, ஒம் மக கிட்டச் சொல்லி எம் பேரை மட்டும் எங்கயும் போட்டுறாத என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒங்க பேரு வராது மாமி, எம் பேருதான் வரும் என்றேன்.

இதைச் சொல்லிவிட்டு நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் நீ போன் செய்து எங்கள் பெயரை எடுத்துவிட்டேன் என்கிறாய். இப்போது புரிகிறதா எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று? தெருவில் அத்தனை பேர் முன்னால் என் பேருதான் வரும் என்று நான் சொன்னேன், என் மகள் அங்கே உட்கார்ந்துகொண்டு அதை அழிக்கிறாள். நாளைக்கு யாராவது அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்து, இப்ப அவுக பேரைக் காணோமே, தப்பு இருக்கப்போய்த்தானே எடுத்துட்டாக என்று சொன்னால் நான் எந்த வாயால் பதில் சொல்வது? எங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் செய்தாய், தெரியும். தப்ரேஸும் பாசத்தில்தான் செய்தான். உங்கள் இரண்டு பேர் பாசத்துக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டு சாகிறேன். முதலில் ஏன் போட்டாய் என்று கத்தினவள் இப்போது ஏன் எடுத்தாய் என்று கத்துகிறாளே என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். அப்போது வந்ததும் கோபம்தான், இப்போது வந்திருப்பது அதைவிடப் பெரிய கோபம். அப்போது நீ யோசிக்காமல் செய்தாய், இப்போது யோசித்துச் செய்திருக்கிறாய்.

இன்றைக்குக் காலையில் கருப்புசாமி அண்ணன் வந்தார். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக வந்து, ஒரு தலை குடுங்க பாய், வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாம், வேற கடையிலதான் வாங்குனேன்னு சொல்லிக்கிர்றேன் என்றார். உன் அத்தாவுக்கு வாயெல்லாம் பல். நான் நடுவில் புகுந்து, அப்புடி ஒளிச்சு வச்சுத் திங்கிற தலை எங்க கடையில இல்லண்ணே, யாருகிட்ட வாங்குனேன்னு அவுக கிட்டச் சொல்றதா இருந்தா வாங்கிட்டுப் போங்க, இல்லைன்னா வேணாம் என்றேன். உன் அத்தா என்னை முறைத்தார், அவர் முறைத்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று. கருப்புசாமி அண்ணன், சரி, சொல்லிர்றேன், அவ என்னைத்தான் திட்டப்போறா, ஒங்களுக்கென்ன என்று முன்வாசல் வழியாக வாங்கிக்கொண்டு போனார். சொல்வாரோ மாட்டாரோ, அது அவர் பாடு. அவரை அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அவர் பொண்டாட்டிக்குத் தெரியாமல் வாங்கப் பார்த்தார், நீ ஊருக்குத் தெரியாமல் வைக்கப் பார்க்கிறாய். அவர் முன்வாசலுக்கு வந்துவிட்டார். நீ எப்போது வரப்போகிறாய்?

அதனால் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் நீ செய்யவேண்டியது ஒன்றுதான். உங்கள் பெரிய மேடம் லீவு முடிந்து வந்ததும் நேராகப் போய், கையெழுத்துப் போட வேண்டாம், சேகரித்தவர் சம்மதிக்கவில்லை என்று சொல். சேகரித்தவர் யார் என்று கேட்டால் என் அம்மா என்று சொல். ஆட்டு மூக்கில் கிடந்ததை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்து வளர்த்தவள், அந்த வாயில்லாத ஈக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தவள் என்று சொல். அவர் சிரித்தால் சிரிக்கட்டும். கடை பழையபடி நடக்குமா என்று எனக்குத் தெரியாது, பாயாவுக்கு இன்னும் அரைக் கூட்டம்தான் வருகிறது, உன் அத்தா அடுத்த மாதம் வரைக்கும் பார்க்கலாம் என்கிறார். நடந்தால் நம் பெயரோடு நடக்கட்டும், மூடினாலும் நம் பெயரோடு மூடட்டும். தென்னிந்தியாவில் ஏதோ ஒரு கடை என்று ஒளிந்துகொண்டு நடத்துவதற்கு நாங்கள் ஒன்றும் திருடவில்லை.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஷாஹினாவுக்கு இப்போது வாந்தி குறைந்திருக்கிறது, மாம்பழம் கேட்டாள், தப்ரேஸிடம் கொடுத்துவிட்டேன், அவன் போய் இறங்கியதும் பழத்தைப் படம் பிடிக்காமல் கொடுத்தானா என்று கேட்டுக்கொண்டேன். உன் அத்தாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, எண்ணெய் தேய்த்துவிட்டால் எனக்கு வேணாம் உனக்குத் தேச்சுக்க என்கிறார். நேற்றுச் சாயங்காலம் ஒரு தூற்றல் போட்டது, வாசலில் கால் வைக்கமுடியாத சகதி. நீ ராத்திரி வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, இந்தப் பொடியைப் போட்டு ஒரு வெஞ்சனம் வைத்துச் சாப்பிடு. தொழுகையை விடாதே. அந்த லென்ஸையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் கெட்டுவிடும், செத்த நேரம் எழுந்து வெளியே பார்.

இவ்வளவையும் எழுதிவிட்டு உன் அத்தாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். அவரை ஈ சாதி என்று எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். என்னங்க, அனுப்பலாமா வேணாமா என்று கேட்டேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, போன வருசம் காலை டிபனும் ஆரம்பிச்சோமே, பேரைப் போட்டா முழுசாப் போடச் சொல்லு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல ஈமானையும், எங்களோடு கலந்து பேசிவிட்டு முடிவெடுக்கிற புத்தியையும் தரட்டும். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. பக்ரீத் தலைகளில் எடுத்ததையெல்லாம் ஒரு புட்டியில் போட்டு, பென்சிலால் நானே சீட்டு எழுதி உள்ளே போட்டிருக்கிறேன். ஸ்பிரிட் என்றதும் கொரியர்காரன் வாங்கமாட்டேன் என்றுவிட்டான். நல்லதாய்ப் போயிற்று. அடுக்களை மேல்தட்டில் சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், ஒருவரும் தொடமாட்டார்கள். அதை நீயே வந்துதான் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

இப்படிக்கு,
சேகரித்தவர்: ஜெய்தூன் பீவி, உன் அம்மா
இடம்: சௌகத் அலி தலைக்கறி, பாயா, காலை டிபன் கடை, பேகம்பூர், திண்டுக்கல்